இரைப்பை இல்லாத மீனுக்கு எப்போது பசிக்கும்?

ஜப்பானின் நீகாடா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே, யமகோஷி என்று ஒரு பகுதி. குளிர்காலத்தில் மூன்று மீட்டருக்கு மேல் பனி குவியும் ஊர். சரிவெங்கும் படிப்படியாக நெல்வயல்கள். அவற்றுக்கு இடையே வயலைவிட ஆழமாக வெட்டிய மண்குளங்கள். அக்டோபர் வந்துவிட்டால் இந்தக் குளங்களை ஒவ்வொன்றாக வடியவிடுவார்கள். சேற்றில் இறங்கி வலையை வளைத்து, கோடை முழுவதும் கலங்கல் நீருக்குள் கண்ணில் படாமல் வளர்ந்த கோய் கெண்டைகளை வெளியே எடுப்பார்கள். பனி மூடுவதற்குள் எல்லா மீனும் கூரைக்கு அடியிலுள்ள சிமெண்ட் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நான்கைந்து மாதம் மீன் என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்பதற்கெல்லாம் கணக்குத் தெரியும் நாள் அது. தோள் பருத்திருக்கிறதா, சிவப்பு கெட்டிப்பட்டிருக்கிறதா, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

கெண்டையை இந்த மலைக்குள் கொண்டுவந்தவர்களுக்கு அழகைப் பற்றிய எண்ணம் ஏதும் இருந்திருக்காது. பனியில் வழி அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் புரதத்துக்கு வேறு போக்கில்லாத விவசாயிகள், வயலுக்கு நீர் தேக்கும் குளங்களில் கறிக்காக அதை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கறுத்த மீன்களிடையே ஒன்றிரண்டு சிவப்பும் வெள்ளையுமாகப் பிறந்தன. அவை மட்டும் சட்டிக்குப் போகாமல் தப்பின. அவற்றின் வம்சத்தை 1914இல் தோக்கியோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குக் கொண்டுபோன பிறகுதான் மலைக்கு வெளியே இருந்தவர்களுக்கு இப்படி ஒரு மீன் இருப்பது தெரிந்தது. 2004 அக்டோபர் 23 அன்று, குளம் வடிக்கும் பருவத்தின் நடுவில், 6.8 அளவிலான நிலநடுக்கம் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. குளங்கள் வெடித்தன, சாலைகள் சரிந்தன, ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். மிஞ்சிய மீன்களில் பலவற்றை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். ஊர் மறுபடியும் எழுந்தது. பனி தரும் நீரை வைத்து நெல்லும் மீனும் வளர்க்கும் இவர்களுடைய முறையை 2017இல் ஜப்பான் அரசு வேளாண் மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த மலைக்காரர்களின் நடைமுறை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: கோய் மீனுக்கு எதை, எவ்வளவு போடுவது என்பதைத் தண்ணீரின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. கரையில் நம் நிழல் தெரிந்ததும் வாயைத் திறந்துகொண்டு வரும் மீன்கூட்டம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பசி நம்பத்தக்க சாட்சி கிடையாது. சத்துக் குறைந்த இரையை நாள் முழுக்கத் துழாவித் தின்று பிழைத்த இனம் அது. கிடைத்ததை எப்போதும் வாங்கிக்கொள்வது அதன் சுபாவம். கெண்டை இனத்துக்குக் காது நல்ல கூர்மை. காற்றுப்பையின் அதிர்வை உட்காதுக்குக் கடத்தும் சின்னஞ்சிறு எலும்புகள் அதற்கு உண்டு. நம் காலடிச் சத்தத்தையும் தீனி டப்பாவின் ஓசையையும் சீக்கிரமே பழகிக்கொள்கிறது. நாம் அதைப் பாசம் என்கிறோம். இருக்கட்டும், ஆனால் பாசத்தால் செத்த கோய் மீன்கள், பட்டினியால் செத்தவற்றைவிட அதிகமாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

வெப்பத்துக்கும் தீனிக்கும் உள்ள உறவு புரிய வேண்டுமானால் மீனின் வாய்க்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

கெண்டையின் தாடையில் ஒரு பல்கூட இல்லை. வாய் குழாயைப் போல முன்னால் நீளும். இரையைக் கடிக்காது, நீரோடும் சேற்றோடும் சேர்த்து உறிஞ்சும். உறிஞ்சியதில் எது உணவு, எது மண் என்று பிரிப்பது வாயின் மேற்கூரையில் இருக்கும் தசைமெத்தை. சுவை மொட்டுகள் நெருக்கமாக அமைந்த அந்த மெத்தை, உணவுத் துணுக்கு தட்டுப்பட்ட இடத்தில் மட்டும் புடைத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணும் கல்லும் செவுள் வழியாகவோ வாய் வழியாகவோ வெளியேறுகின்றன. நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஃபெர்டினான்ட் சிபிங் என்ற ஆய்வாளர் 1980களில் கெண்டைகள் தின்பதை எக்ஸ்ரே படச்சுருளில் பதிவுசெய்து, இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்டினார். பல் இருப்பது அதற்கும் பின்னால், தொண்டையில். இரு பக்கமும் கடைவாய்ப் பல்லைப் போன்ற தட்டையான தொண்டைப் பற்கள், மண்டையோட்டின் அடியிலுள்ள கெட்டியான திண்டின் மேல் இரையை வைத்து அரைக்கின்றன. நத்தை ஓடும் பார்லி மணியும் அங்கே நொறுங்கிவிடும். குளக்கரையில் அமைதியாக உட்கார்ந்தால் அந்த நொறுங்கும் ஓசை சில சமயம் நம் காதுக்கே கேட்கும்.

அரைத்தது அடுத்து எங்கே போகிறது? நேரே குடலுக்கு. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. அமிலம் சுரக்கும் பை இல்லை. புரதத்தை அமிலத்தில் ஊறவைத்து உடைக்கும் பெப்சின் நொதியும் இல்லை. உடலைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளமுள்ள குடலும், அதில் வந்து சேரும் பித்தநீரும் கணைய நொதிகளும்தான் அதன் செரிமானம் முழுவதும்.

இந்த ஒரு குறையிலிருந்து தீனி விஷயத்தில் எத்தனையோ விதிகள் கிளைக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தோன்றக்கூடியது: சேர்த்துவைக்கப் பை இல்லாத மீனுக்கு ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போனால் பயனில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தீர்கிற அளவு என்பது வளர்ப்பவர்களின் பழைய அளவுகோல். இரண்டாவது அவ்வளவு எளிதில் தோன்றாது. மீன்தூளில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அது எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட். அதைக் கரைக்க அமிலம் வேண்டும். கெண்டையிடம் அமிலம் இல்லை. எனவே மீன்தூள் நிறைந்த தீனியைத் தின்றும் அதற்குப் பாஸ்பரஸ் பற்றாக்குறை வரலாம். வளர்ச்சி குன்றும், தலை எலும்பு கோணும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1970களில் இதைக் கண்டுபிடித்த பிறகே கெண்டைத் தீனியில் நீரில் கரையும் பாஸ்பேட் உப்பைத் தனியாகச் சேர்க்கும் வழக்கம் நிலைத்தது. செரிக்காத பாஸ்பேட் எங்கே போகும்? கழிவாகக் குளத்துக்குள் போய்ப் பாசியை வளர்க்கும். உங்கள் குளம் பச்சையாகிறது என்றால் தீனிப் பொட்டலத்தின் மேலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது பயறு பற்றியது. பச்சை சோயாவிலும் வேறு பல பயறுகளிலும் டிரிப்சின் என்ற நொதியை முடக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. பெப்சின் உள்ள விலங்குக்கு இது பாதி இடைஞ்சல். பெப்சினே இல்லாமல் டிரிப்சினை நம்பி வாழும் கெண்டைக்கு முழு இடைஞ்சல். வேகவைத்தால் அந்தப் பொருள் செயலிழந்துவிடும். எனவே பட்டாணி போட விரும்புகிறவர்கள் அவித்து, தோல் உரித்துப் போடலாம். மாவுச்சத்தும் இப்படித்தான்: வெந்தது நன்றாகச் செரிக்கும், பச்சை மாவு அவ்வளவாகச் செரிக்காது. கோயில் தெப்பக்குளத்து மீனுக்கு நம் ஊரில் பொரி போடுகிறோமே, அது செரிக்கும் வகைதான். வெப்பத்தில் பொரிந்த மாவு அல்லவா? ஆனால் மாவைத் தவிர அதில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஒரு பிடி வேடிக்கைக்குச் சரி. அதுவே உணவாக முடியாது. வளரும் கெண்டைக்குத் தீனியில் ஏறத்தாழ 35 விழுக்காடு புரதம் வேண்டும். கூடவே ஒமேகா-3, ஒமேகா-6 இரண்டு வகைக் கொழுப்பும் ஒவ்வொரு விழுக்காடாவது வேண்டும். இவ்விரண்டையும் அதன் உடலால் தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாது.

இனி வெப்பத்துக்கு வருவோம். நம் உடலில் கோடையிலும் மார்கழியிலும் நொதிகள் 37 டிகிரியில்தான் வேலை செய்கின்றன. கெண்டைக்குத் தனக்கென்று உடல்சூடு இல்லை. தண்ணீர் 25 டிகிரி என்றால் அதன் குடலும் 25 டிகிரி. தண்ணீர் 8 டிகிரி என்றால் குடலும் 8. பத்து டிகிரி குறைந்தால் நொதிகளின் வேகம் சுமார் பாதியாகும் என்பது உயிர்வேதியியலின் தோராயக் கணக்கு. கோடையில் சில மணி நேரத்தில் குடலைக் கடக்கும் தீனி, குளிரில் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது.

அதே குளிரில் இன்னொரு தொழிற்சாலையும் மூடப்படுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மீன் தின்ற புரதத்தில் உடலுக்குப் போக மிஞ்சிய நைட்ரஜன், பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. 40 விழுக்காடு புரதமுள்ள தீனி 100 கிராம் போட்டால் ஏறத்தாழ மூன்றரை கிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீரில் சேரும் என்பது மீன்பண்ணைப் பொறியாளர்களின் கணக்கு. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிக் காப்பாற்றுகின்றன. 10 டிகிரிக்குக் கீழே அவையும் சோம்பிவிடும். குளிர்காலத்தில் தீனி போட்டால் குடலில் அழுகி மீன் செத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவது உண்டு. அவ்வளவு நாடகத்தனமாக எதுவும் நடப்பதில்லை. மிதமான குளிரில் குளத்துக் கெண்டைகள் அடிமண்ணைக் கொஞ்சம் கிளறித் தின்னவே செய்கின்றன. மெதுவான குடல், மெதுவான ஃபில்டர், தேவையற்ற புரதம் இவை மூன்றும் சேரும்போதுதான் தொல்லை. காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழே போனால் தீனியை நிறுத்திவிடுவது வழக்கம்.

நிறுத்தினால் மீன் பட்டினியால் வாடாதா? வாடாது. பனிக்காலத்தை இந்த இனம் அடியில் கிடந்தே கழித்துப் பழகியது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். மேலே பனிக்கட்டி படிந்தாலும் ஆழத்தில் 4 டிகிரி நீர் தங்குகிறது. அங்கே அசைவைக் குறைத்து, கல்லீரலில் சேமித்த கிளைகோஜனையும் உடற்கொழுப்பையும் மெல்லச் செலவழித்துக்கொண்டு மீன் காத்திருக்கும். எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் வெறும் காத்திருப்பு என்று இதைச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் குளிரும் வாரங்களில் கெண்டை தன் உடலின் உள்கட்டுமானத்தையே மாற்றிக்கொள்கிறது. நம் உடலிலும் மீனின் உடலிலும் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்க, பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். நிறைவுற்ற கொழுப்புக்கும் நிறைவுறாக் கொழுப்புக்கும் உள்ள வேறுபாடு அது. செல்சவ்வு உறைந்தால் செல் வேலை செய்யாது. எனவே குளிர் வந்ததும் கெண்டையின் கல்லீரல் ஒரு நொதியை முடுக்கி, சவ்விலுள்ள நிறைவுற்ற கொழுப்பை நிறைவுறாததாக மாற்றத் தொடங்குகிறது. 1996இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ காசின்ஸ் குழு, குளிரவைத்த கெண்டைகளில் இந்த நொதிக்கான மரபணு எப்படி விழித்துக்கொள்கிறது என்பதைக் காட்டியது. தசையில்கூட மாற்றம் உண்டு: குளிர்நீருக்கென்று ஒருவகை மயோசின் புரதம், வெதுவெதுப்பான நீருக்கென்று இன்னொரு வகை. ஆண்டுதோறும் கெண்டை தன்னைக் கழற்றி மாட்டிக்கொள்கிறது.

இந்த மாற்றத்துக்கு மூலப்பொருள் வேண்டுமே, அது இலையுதிர்காலத் தீனியில் இருந்து வருகிறது. யமகோஷியில் மீன்களைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு தண்ணீர் 20லிருந்து 15க்கும் 15லிருந்து 10க்கும் மெல்ல இறங்கும். தீனியும் அதோடு இறங்குகிறது: புரதம் குறைகிறது, வேளைகள் குறைகின்றன, கோதுமை முளைக்கரு சேர்த்த தீனி வருகிறது. உறையும் மாட்டுக்கொழுப்பு கலந்த மலிவுத் தீனிக்கு இந்தப் பருவத்தில் இடமே கிடையாது. கோதுமைக் கருவைப் பற்றிப் பொட்டலங்கள் பெரிதாகப் பேசுகின்றன. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எளிதாகச் செரிக்கும் மாவு, அளவான புரதம், இயல்பாகவே நிறைந்த வைட்டமின் ஈ. என்னைக் கேட்டால் பாதி நன்மை அதில் இருப்பதைவிட இல்லாததால் வருகிறது: புரதம் குறைந்தால் அம்மோனியாவும் குறைகிறது.

வைட்டமின் ஈ என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். ஜப்பானில் பட்டு நெசவு செழித்திருந்த காலத்தில், நூல் எடுத்த பிறகு மிஞ்சும் பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களே கெண்டைக்கு முக்கியத் தீனி. நகானோ மாநிலத்தின் சாக்கு பகுதிக் கறிக்கெண்டைக்கு அதனாலேயே பெயர் கிடைத்தது. உலர்ந்த கூட்டுப்புழுவில் புரதம் ஏராளம். கால்பங்குக்குக் குறையாமல் எண்ணெய் வேறு. மீன்கள் வேகமாகப் பெருத்தன. ஆனால் சில பண்ணைகளில் மீன்களின் முதுகுத்தசை கரைந்து, முதுகு கத்திமுனையாய் மெலிந்துபோனது. செகோகே என்று அந்த நோயைச் சொன்னார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. 1960களில் ஆய்வாளர்கள் குற்றவாளியைப் பிடித்தார்கள்: சேமிப்பில் சிக்குப்பிடித்த கூட்டுப்புழு எண்ணெய். நிறைவுறாக் கொழுப்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து நச்சாகியிருந்தது. தீனியில் வைட்டமின் ஈ சேர்த்தபோது தசை மெலிவு தடைபட்டது. அந்த மீன்களில் சிலவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததையும் கண்டார்கள். குளிரைத் தாங்கவைக்கும் அதே கொழுப்பு, பழசானால் தசையைத் தின்கிறது. பருவத் தீனியைப் பற்றிய எந்தப் பேச்சும் மூட்டை எவ்வளவு பழையது என்ற கேள்வியோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வசந்தத்தை எல்லோரும் நல்ல பருவம் என்று நினைக்கிறோம். கோய் மீனுக்கு அதுவே கண்டம். குளிர்காலம் முழுக்கச் சேமிப்பைக் கரைத்த உடல். தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டியதும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் ஒட்டுண்ணிகளும் சுறுசுறுப்பாகிவிடும். மீனின் நோய் எதிர்ப்புச் சக்தி அதற்குப் பிறகுதான் மெல்ல எழும். ஒரு நாள் 14 டிகிரி, மறுநாள் 9 என்று வெப்பமும் தள்ளாடும். மீனோ பசி பசி என்று கரைக்கு வரும். இந்த இடைவெளியில் காட்டும் பொறுமையில்தான் வளர்ப்பவரின் திறமை இருக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு தினம் ஒருமுறை, காலையில் வெயில் ஏறிய பின் ஒரு சிறு கைப்பிடி கோதுமைத் தீனி; தண்ணீர் வாரக்கணக்கில் 15க்கு மேல் நிலைத்த பிறகே அடுத்த படி.

யமகோஷியில் பனி உருகி முடியவே மே மாதம் நெருங்கிவிடும். அப்போது மண்குளங்களைக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, கோழி எருவிட்டு, பனிநீரால் நிரப்புகிறார்கள். எருவை உண்டு நுண்பாசி பெருகும். பாசியை உண்டு ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகளும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளும் பெருகும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, அப்போதுதான் பொரித்த குஞ்சு. ஒரு தாய்மீன் சில லட்சம் முட்டை இடும்; 20 டிகிரி நீரில் நான்கு நாள் அளவில் பொரிக்கும்; குஞ்சின் மஞ்சட்கரு இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். அந்த நாளில் குளத்தில் நீர்த்தெள்ளு கொழித்திருக்க வேண்டும். முந்தினால் தெள்ளு பெருத்துக் குஞ்சின் வாய்க்குள் நுழையாது; பிந்தினால் குஞ்சு பட்டினி. குளம் நிரப்பும் நாளையும் முட்டையிடவைக்கும் நாளையும் இவர்கள் எண்ணி எண்ணிப் பொருத்துவது இதற்காகத்தான். எந்தத் தொழிற்சாலைத் தூளும் இந்த உயிருள்ள இரைக்கு இன்றுவரை முழு மாற்றாகவில்லை.

பெரிய மீன்களுக்கும் மண்குளம் வெறும் இடம் மட்டுமில்லை. அதுவே பாதி உணவு. ரத்தப்புழு, நத்தை, மண்புழு, நீர்ப்பூச்சி, பாசி, களிமண்ணிலுள்ள தாதுக்கள் எல்லாவற்றையும் மீன் கிளறித் தின்கிறது. பலவகை உணவு என்று நாம் தட்டில் வைத்துக் கொடுக்க முயல்வதைச் சேறு சும்மா கொடுக்கிறது. அதன்மேல்தான் குருணைத் தீனி. கோடையில் நீர் 20 முதல் 28 டிகிரிவரை இருக்கும் வாரங்களே கோய் வளரும் காலம். தானியங்கிக் கருவிகள் நாளில் பலமுறை சிறிது சிறிதாகத் தீனி தூவும். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை ஒரு நாளில் போகும். வீட்டுத் தொட்டியில் சேறு இல்லாதவர்கள் அதன் இடத்தை வேறு வழியில் நிரப்பலாம்: கீரை, லெட்டூஸ், தர்பூசணித் துண்டு, பாதியாக வெட்டிய ஆரஞ்சு, எப்போதாவது இறால். செல்லுலோஸைச் செரிக்கும் நொதி கெண்டையிடம் இல்லாததால் கீரையிலிருந்து பெரிய சத்து கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வைட்டமினும், கொறிப்பதற்கு ஒரு வேலையும் கிடைக்கும். சும்மா இருக்கும் கோய் செடியைப் பிடுங்கும்.

நிறமும் கோடை விஷயம்தான். கோயின் சிவப்பு கரோட்டினாய்டுகளால் ஆனது, எந்த மீனாலும் அதைத் தானாக உருவாக்க முடியாது. தின்றுதான் பெற வேண்டும். இறால் ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் நேராகத் தோலுக்குப் போய்ச் சேரும். சுருள்பாசியில் இருக்கும் சியாசாந்தினை அஸ்டாசாந்தினாக மாற்றிக்கொள்ளும் திறமை கோய்க்கும் தங்கமீனுக்கும் உண்டு. சால்மனிடம் அது இல்லை. கறுப்பு வேறு கதை: மெலனினை மீனே டைரோசினிலிருந்து தயாரிக்கிறது, எனவே கறுப்பை ஏற்றும் தீனி என்று யாராவது விற்றால் தள்ளிப் போங்கள். வெள்ளை, தோலடியில் அடுக்கியிருக்கும் குவானின் படிகங்களின் ஒளி. நிறத்தீனியைத் தேவைக்கு மேல் போட்டால் கரோட்டினாய்டு அந்த வெள்ளையிலும் கசிந்து மஞ்சளாக்கிவிடும். சிவப்பும் வெள்ளையுமான கொஹாக்கு வகையில் இது பெரிய இழப்பு; சிவப்பைவிட வெள்ளையைக் காப்பதுதான் கடினம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஆகவே சுருள்பாசி கோடையின் சில வாரங்களுக்கு மட்டும், அதுவும் மற்றத் தீனியில் ஒரு பங்காக.

கோடைக்கும் ஒரு எல்லை உண்டு, நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அது. 10 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சூடேறும்போது மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. தின்ற பிறகு செரிமானத்துக்காக இன்னும் அதிகம் வேண்டும். பச்சைக் குளத்தில் இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சுவிட, விடியற்காலையில் ஆக்சிஜன் மிகவும் கீழே கிடக்கும். அந்த நேரத்தில் தீனி போடுவது கொடுமை. 30 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அளவைக் குறைத்து, காலை வெயில் ஏறிய பின்னும் மாலை சாய்வதற்கு முன்னும் போட்டு, ஏரேட்டரை இரவில் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும்.

கோய்க்கும் தமிழ்நாட்டுக்கும் தூரத்துச் சொந்தம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் செதில் குறைந்த கண்ணாடிக் கெண்டை 1904இல் ஜப்பானுக்குப் போய், அங்கே கோய் இனத்தோடு கலந்து, முதுகோரமாகச் செதில்வரிசை கொண்ட வகைகளைத் தந்தது. அதே ஜெர்மன் வகையை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். ஊட்டியின் குளிர்நீரில் அது நன்றாகவே பிழைத்தது. சமவெளிக்கு ஏற்ற கெண்டை 1957இல் பாங்காக்கிலிருந்து வர வேண்டியிருந்தது. இன்று சென்னைக் கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் கோய் சாதாரணச் சரக்கு. மாடித் தொட்டியிலும் முற்றத்துக் குளத்திலும் அது வளர்கிறது. சென்னைத் தண்ணீருக்குக் குளிர்காலம் என்று ஒன்று வருவதே இல்லை. எனவே பொட்டலத்தில் அச்சிட்ட மாத அட்டவணையைப் பார்த்து டிசம்பரில் தீனியை நிறுத்துவது வீண். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் ஜனவரியில் சென்னைக்காரரைப் பார்த்து மூன்று வேளை போடுவது ஆபத்து. சென்னையில் கோய் ஆண்டு முழுக்கத் தின்று வளர்வதால், அங்கே பருவம் என்பது சித்திரை வெயிலும் அடைமழையும்தான். மேகமூட்டமான மழைநாட்களில் பாசி ஆக்சிஜன் தருவது குறைந்துவிடும். அந்த நாட்களில் பாதித் தீனி போதும், ஒரு நாள் போடாவிட்டாலும் குறைந்துபோகாது.

செகோகேயை நினைவில் வையுங்கள். நம் வெயிலும் ஈரக்காற்றும் எண்ணெய்த் தீனியைச் சீக்கிரம் சிக்கடிக்கவைக்கும். திறந்த மூட்டையில் அள்ளிக் கட்டித்தரும் தீனி விலை குறைவுதான். அது எத்தனை மாதமாகத் திறந்து கிடக்கிறது என்பதை யாரும் சொல்லப் போவதில்லை. முகர்ந்து பாருங்கள், காறல் வாடை வந்தால் வாங்காதீர்கள். தயாரித்த தேதி அச்சிட்ட, ஒரு மாதத்தில் தீரக்கூடிய சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் நிழலில் வையுங்கள். அதே கடையில் ஒரு நீர் வெப்பமானியும் கிடைக்கும். அதையும் வாங்கிக் குளத்தில் தொங்கவிட்டு, தினமும் தீனி டப்பாவைத் திறப்பதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள்.